தொலைவேலைக்கு ஓர் ஊர்: திருவனந்தபுரத்தின் நெடுங்கதை

கடல் கடந்த ஓரிடத்தின் தேவைக்காகத் திருவனந்தபுரத்தில் இருந்தபடியே வேலை பார்த்தவர்களின் வரலாற்றை, சுவாதித் திருநாள் மகாராஜா 1837இல் நிறுவிய வானாய்வகத்திலிருந்து தொடங்கலாம். அதன் முதல் இயக்குநர் ஜான் கால்டிகாட். அதற்கு முன்பு ஆலப்புழையில் திருவிதாங்கூர் அரசின் வணிக முகவராக இருந்தவர். பூமியின் காந்தப்புலத்தை உலகின் பல மூலைகளிலும் ஒரே வேளையில் அளந்து பார்க்கும் பெருமுயற்சி ஒன்று அப்போது ஐரோப்பாவில் நடந்துகொண்டிருந்தது. டொரோன்டோ, செயின்ட் ஹெலினா, ஹோபார்ட், சிங்கப்பூர் என்று விரிந்த அந்த வலையில் 1841 வாக்கில் திருவனந்தபுரமும் சேர்ந்தது. எல்லா நிலையங்களின் அளவுகளையும் ஒப்பிட ஒரு பொதுக் கடிகாரம் தேவைப்பட்டது. அதற்கு ஜெர்மனியிலுள்ள கோட்டிங்கன் நகரத்தின் நேரத்தை வைத்துக்கொண்டார்கள். அமெரிக்க நேரத்துக்குக் கண்விழிக்கும் இன்றைய கழக்கூட்டத்து மென்பொருள் ஊழியருக்கு அந்த ஏற்பாடு புதிதாகத் தோன்றாது.

1852இல் பொறுப்பேற்ற ஸ்காட்லாந்துக்காரர் ஜான் ஆலன் பிரவுன் இன்னும் ஒரு படி மேலே போனார். தமிழர்கள் பொதிகை என்றும் அழைக்கும் அகத்தியமலையின் உச்சியில், ஆறாயிரம் அடிக்கும் மேலே, 1855இல் ஒரு துணை ஆய்வகம் அமைத்தார். யானைக் காட்டைக் கடந்து கருவிகளை மேலேற்றி, குளிரிலும் காற்றிலும் உள்ளூர் உதவியாளர்களை உட்காரவைத்து அளவெடுக்கச் செய்தார். அந்த எண்கள் 1874இல் லண்டனில் நூலாக வெளிவந்தன. வேலை நடந்தது மலையாள, தமிழ்க் கைகளில்; பெயர் வந்தது இயக்குநருக்கு. தொலைவேலையின் இந்தக் கணக்கு முறை பிற்காலத்திலும் பெரிதாக மாறிவிடவில்லை.

காந்த ஊசிக்கு இந்த ஊர் பிடித்ததற்கு இயற்கைக் காரணம் உண்டு. பூமியின் காந்த நடுக்கோடு இதன் அருகே செல்கிறது. ஆனால் ஆய்வகம் தழைத்ததற்குக் காரணம் அரசு. பத்மநாபபுரத்திலிருந்து பதினெட்டாம் நூற்றாண்டின் இறுதியில் தலைநகர் இங்கே மாறிய பிறகும், மிளகும் கயிறும் ஏற்றுமதியாகும் பெருவணிகம் ஆலப்புழையிலும் கொச்சியிலும்தான் இருந்தது. திருவனந்தபுரத்தில் சேர்ந்தவை கோயில், கச்சேரி, கல்லூரி, மாதச் சம்பளம். 1829இல் தொடங்கிய பொது நூலகம், 1850களின் அருங்காட்சியகமும் மிருகக்காட்சி சாலையும், அவற்றைச் சுற்றிய மரநிழல் என்று சந்தைக்கு உடனடிப் பயனில்லாதவற்றில் சமஸ்தானம் பணம் போட்டது. சாலைக்கடைத் தெருவின் வியாபாரம் அந்தச் சம்பளத்தை நம்பி வளர்ந்தது.

இந்த ஊரில் வசித்துக்கொண்டு வேறிடத்து வாசகருக்கு எழுதிய தமிழர்களும் அந்தச் சூழலில் தோன்றியவர்களே. ‘மனோன்மணீயம்’ நாடகத்தை 1891இல் வெளியிட்ட பெ. சுந்தரம் பிள்ளை, மகாராஜா கல்லூரியில் தத்துவப் பேராசிரியர். மார் இவானியோஸ் கல்லூரியில் ஆங்கிலம் கற்பித்த நகுலன் எழுதியது சென்னைச் சிற்றிதழ்களில். ஆ. மாதவன் சாலைக்கடைத் தெருவில் கடை நடத்திக்கொண்டே அந்தத் தெருவைப் பற்றிய கதைகளைத் தமிழுக்குத் தந்தார். நீல பத்மநாபன் மின்வாரியப் பொறியாளர். கேரளத் தபால் பெட்டியில் போட்ட கையெழுத்துப் பிரதி தமிழ்நாட்டில் அச்சேறிற்று. உள்ளூர்ச் சம்பளம் சோறு போட்டது. எழுத்து வெளியூருக்குப் போனது.

காந்த நடுக்கோடு நூறாண்டு கழித்து மறுபடியும் உதவிக்கு வந்தது. மேல் வளிமண்டலத்தை ஆராயும் ராக்கெட்டுகளை ஏவ விக்ரம் சாராபாய் தேர்ந்தெடுத்த இடம், நகரத்தை ஒட்டிய தும்பா என்ற மீனவக் கிராமம். பிஷப் பீட்டர் பெர்னார்டு பெரேராவின் இசைவோடு மேரி மக்தலேனா தேவாலயமும் சுற்றியிருந்த நிலமும் கைமாறின. 1963 நவம்பர் 21 அன்று முதல் ராக்கெட் கிளம்பியது. ராக்கெட் அமெரிக்காவினுடையது, உள்ளே இருந்த சோடியம் ஆவிக் கருவி பிரான்சினுடையது. பின்னர் சோவியத் நாடு ஹெலிகாப்டரும் மின்ஸ்க் கணினியும் கொடுத்தது. 1968இல் இந்திரா காந்தி இந்தத் தளத்தை ஐக்கிய நாடுகளின் ஆதரவு பெற்ற பன்னாட்டு வசதியாக அர்ப்பணித்தார். ராமேஸ்வரத்து அப்துல் கலாம் உட்பட, இந்தியாவின் பல மூலைகளிலிருந்தும் பொறியாளர்கள் வந்து தங்கினார்கள். வாடகை வீடு, மெஸ் சாப்பாடு, ஞாயிற்றுக்கிழமைக் கடற்கரை என்று படித்த வெளியூர்க்காரனுக்கு இடங்கொடுக்கும் பழக்கம் அன்றே ஊருக்கு வந்துவிட்டது.

அடுத்த அடியும் அரசுடையதே. கே.பி.பி. நம்பியாரின் தலைமையில் 1973இல் கெல்ட்ரான் உருவானது; ஒரு மாநில அரசு சொந்தமாக மின்னணு நிறுவனம் நடத்துவது நாட்டுக்குப் புதிது. அதே நம்பியாரின் யோசனையில் 1990இல் டெக்னோபார்க் பிறந்தது. கழக்கூட்டத்துக்கு அருகே, கேரளப் பல்கலைக்கழக வளாகத்தை ஒட்டிய வைத்தியன் குன்று அதற்கு ஒதுக்கப்பட்டது. முதலமைச்சர் ஈ.கே. நாயனார் 1991இல் அடிக்கல் நாட்டினார். பிரதமர் நரசிம்ம ராவ் 1995 நவம்பரில் நாட்டுக்கு அர்ப்பணித்தார். கட்டடங்களுக்குப் பம்பா, பெரியாறு, நிளா என்று ஆறுகளின் பெயர். ஒரு இடதுசாரி அரசு, தொழிற்சங்கங்களுக்குப் பேர்போன மாநிலத்தில், தனியார் மென்பொருள் நிறுவனங்களுக்காகப் பொதுப்பணத்தில் பூங்கா கட்டியது அப்போது பலரின் புருவத்தை உயர்த்தியது. இந்தியாவில் இந்த வகையில் அதுதான் முதல் முயற்சி.

டெக்னோபார்க் விற்ற சரக்கு நிலம் என்று நினைப்பது தவறு. அன்றைய இந்தியாவில் நிலம் பெரிய காரியமில்லை. அறுபடாத மின்சாரமும் அறுபடாத தொலைத்தொடர்பும்தான் அரிது. டெக்சஸ் இன்ஸ்ட்ருமென்ட்ஸ் 1985இல் பெங்களூரு வந்தபோது தனக்கென்று ஒரு செயற்கைக்கோள் இணைப்பை அமைத்துக்கொள்ள வேண்டியிருந்தது. அப்படிச் செய்ய வசதியில்லாத சிறு நிறுவனங்களுக்காக மத்திய அரசு மென்பொருள் தொழில்நுட்பப் பூங்காத் திட்டத்தைக் கொண்டுவந்தது. அதன் தொடக்ககால மையங்களில் திருவனந்தபுரமும் ஒன்று. விதேஷ் சஞ்சார் நிகம் 1995 ஆகஸ்ட் 15இல் பொதுமக்களுக்கு இணையத்தைத் திறந்தபோது பம்பாய், டில்லி, கல்கத்தா, மெட்ராஸ் ஆகிய நான்கு நகரங்களுக்குத்தான் முதலில் கிடைத்தது. கேரளத்து வீடுகளில் மாலை வேளை மின்வெட்டு சகஜமாயிருந்த காலத்தில், குன்றின் மேல் மட்டும் விளக்கும் இணைப்பும் நிற்காமல் இருந்தன. அந்த ஏற்பாட்டைச் சுற்றித்தான் ஐபிஎஸ், யுஎஸ்டி, டூன்ஸ் போன்ற பெயர்கள் வந்து சேர்ந்தன. டாடா கன்சல்டன்சியின் பயிற்சி மையத்துக்கு ஒவ்வோர் ஆண்டும் தமிழ்நாட்டுப் பொறியியல் கல்லூரிகளிலிருந்து பட்டதாரிகள் ரயிலேறினார்கள். மென்பொருள் வேலைக்கான முதல் சம்பளத்தைக் கேரள மண்ணில் எண்ணிய தமிழர்கள் ஏராளம்.

அதே ஆண்டுகளில் அலுவலகமே இல்லாத இன்னொரு வேலைமுறையும் இங்கே வேரூன்றியது. சுதந்திர மென்பொருள் அறக்கட்டளையின் இந்தியக் கிளை 2001 ஜூலையில் திருவனந்தபுரத்தில் தொடங்கப்பட்டது; அமெரிக்காவிலிருந்து அறக்கட்டளையின் நிறுவனர் ரிச்சர்டு ஸ்டால்மன் நேரில் வந்திருந்தார். மாநிலப் பள்ளிகளின் கணினிக் கல்வித் திட்டம் தனியுரிம மென்பொருளை விட்டுவிட்டு லினக்ஸுக்கு மாறியது. ஆசிரியர்கள் மாவட்டம் மாவட்டமாகப் பயிற்சி பெற்றார்கள். மலையாள எழுத்துருக்களையும் தட்டச்சு முறைகளையும் உருவாக்கியவர்கள் வெவ்வேறு ஊர்களில் இருந்த மாணவர்களும் ஊழியர்களும். ஒருவரை ஒருவர் பார்க்காமலே, மின்னஞ்சலில் நிரலை அனுப்பித் திருத்திக்கொண்டார்கள். தொலைவேலைக்கு வேண்டிய ஒழுங்குகள் எல்லாம் இந்தச் சம்பளமில்லாத வேலையில்தான் முதலில் பழகின: எதையும் எழுதிவைப்பது, முகம் பார்க்காமல் நம்புவது, பதிலுக்குக் காத்திருக்கும்போது அடுத்ததைப் பார்ப்பது. வரலாற்றாசிரியர்கள் பூங்காக்களை எண்ணுவதில் காட்டும் அக்கறையை இதில் காட்டுவதில்லை.

இணைப்பு குன்றிலிருந்து இறங்கி வீட்டுக்கு வந்த கதையில் நாயகன் மின்கம்பம். 1993இல் திருவனந்தபுரத்தைத் தலைமையிடமாகக் கொண்டு ஏஷியாநெட் தொலைக்காட்சி தொடங்கியது. அதன் கேபிள் நிறுவனம் மாநில மின்வாரியத்தின் கம்பங்களில் கம்பி இழுக்க அனுமதி பெற்றது. ஊர்தோறும் சிறு கேபிள்காரர்கள் முளைத்தார்கள். படம் காட்டப் போட்ட அந்தக் கம்பிவழியே பிறகு அகன்ற அலைவரிசை இணையம் வந்தது. தெரு முனையில் கடை வைத்திருக்கும் கேபிள்காரருக்கு போன் செய்தால் மழை ஓய்வதற்குள் ஆள் வந்து கம்பியை ஒட்டவைத்துப் போகும் ஏற்பாடு, பெரிய நிறுவனங்களின் வாடிக்கையாளர் சேவையைவிடப் பல நேரம் மேலானது. வெளிநாட்டோடு பேசும் பெரிய கதவு கொச்சி. வெளிநாடுகளோடு இணைக்கும் கடலடிக் கம்பி அங்கே கரையேறுகிறது.

மாநிலம் இதையும் பொதுக்காரியமாகவே பார்த்தது. 2002இல் மலப்புறத்தில் அக்ஷயா திட்டம் வீட்டுக்கு ஒருவரைக் கணினி எழுத்தறிவு பெற வைக்கக் கிளம்பியது. விடுதியில் கைபேசிக்கு விதித்த தடையை எதிர்த்து ஒரு கல்லூரி மாணவி தொடுத்த வழக்கில், இணையத்தைப் பயன்படுத்துவது கல்விக்கும் அந்தரங்கத்துக்குமான உரிமையின் பகுதி என்று 2019 செப்டம்பரில் கேரள உயர்நீதிமன்றம் தீர்ப்பளித்தது. மின்வாரியமும் மாநிலத் தகவல் தொழில்நுட்ப உள்கட்டமைப்பு நிறுவனமும் சேர்ந்து உருவாக்கிய கே-ஃபோன் வலையை 2023 ஜூன் 5 அன்று முதலமைச்சர் பினராயி விஜயன் தொடங்கிவைத்தார். முப்பதாயிரம் அரசு அலுவலகங்களுக்கும் இருபது லட்சம் ஏழைக் குடும்பங்களுக்கும் இணைப்பு என்பது இலக்கு. வேலை இலக்கை எட்டும் வேகம் அறிவிப்பின் வேகத்தோடு போட்டி போடவில்லை. ஆனாலும் இங்கும் கம்பி போனது அதே மின்கம்பங்களின் மேல்தான்.

உலகில் தொலைவேலை என்ற யோசனை வேறு வழியாக வளர்ந்தது. லாஸ் ஏஞ்சல்ஸ் நகரின் போக்குவரத்து நெரிசலைப் பார்த்து, ஆட்களை அலுவலகத்துக்கு அனுப்புவதற்குப் பதிலாக வேலையை ஆட்களிடம் அனுப்பலாமே என்று ஜாக் நில்லஸ் 1973இல் ஆராயத் தொடங்கினார். ஜப்பானியப் பொறியாளர் சுகியோ மகிமோட்டோவும் டேவிட் மேனர்ஸும் 1997இல் எழுதிய நூல், கையடக்கக் கருவிகள் மனிதரை மீண்டும் நாடோடியாக்கும் என்றது. பாலித் தீவின் உபுத், தாய்லாந்தின் சியாங் மாய் ஆகிய ஊர்கள் 2010களில் அந்த நாடோடிகளின் தங்குமிடங்களாயின. பீட்டர் லெவல்ஸ் என்ற டச்சுக்காரர் 2014இல் தொடங்கிய நோமாட் லிஸ்ட் என்ற இணையதளம், வாடகை, இணைய வேகம், வெயில், பாதுகாப்பு ஆகியவற்றைக் கொண்டு ஊர்களுக்கு மதிப்பெண் போடும் வழக்கத்தை நிலைநிறுத்தியது. சியாங் மாய்க்கு மலிவும், பல்கலைக்கழகத்தைச் சுற்றிய காப்பிக் கடைகளும் பலம். லிஸ்பனுக்கு லண்டன் நேரமும் ஐரோப்பியச் சட்டப் பாதுகாப்பும் பலம். அங்கே வந்தவர்களின் டாலருக்கும் யூரோவுக்கும் வீட்டு வாடகை ஏறி, உள்ளூர்க்காரர்கள் தெருவில் இறங்கிப் போராடும் அளவுக்குப் போனது தனிக்கதை.

அந்த அளவுகோலைத் திருவனந்தபுரத்துக்கு வைத்துப் பார்த்தால், கவனிக்கப்படாத ஒரு நன்மை கடிகாரம். லண்டனில் குளிர்காலக் காலை ஒன்பது மணி என்றால் இங்கே பிற்பகல் இரண்டரை, சியாங் மாயில் நான்கு, பாலியில் ஐந்து. லண்டன் அலுவலகம் மூடும்போது இங்கே இரவு பத்தரை. பாலியில் மறுநாள் ஒரு மணி ஆகிவிடும். ஐரோப்பாவுக்கு வேலை செய்பவருக்குக் காலைப் பொழுது முழுக்கச் சொந்தம், இரவுத் தூக்கமும் கெடாது. அமெரிக்காவுக்கு வேலை செய்பவருக்குத்தான் கண் சிவக்க வேண்டும். மழை இன்னொரு கணக்கு. இடவப்பாதி, துலாவர்ஷம் என்று பருவமழை ஆண்டுக்கு இரண்டு முறை வரும். இடி இறங்கும் மாலைகளில் மோடத்தின் பிளக்கைப் பிடுங்கி வைக்காத வீடு குறைவு. மருத்துவக் கல்லூரி, ஸ்ரீசித்திரைத் திருநாள் மருத்துவ நிலையம், நூலகம், மியூசியம் வளாகத்துக் காலை நடை ஆகியவை மாத வாடகைக்கு வந்துபோகிறவரின் பட்டியலில் கண்ணுக்குத் தெரிவதில்லை. ஒரு தலைமுறை தங்குகிறவருக்கு அவைதான் ஊர். சியாங் மாயும் பாலியும் விருந்தினரை நம்பி இந்தத் தொழிலுக்கு வந்தன. திருவனந்தபுரம் குடியிருப்போருக்காகச் செய்துவைத்தவை இதற்கும் உதவின. வேறுபாட்டின் வேர் இதுவே.

இவ்வளவு இருந்தும் 2020 வரை வீட்டிலிருந்து வேலை பரவாததற்கு, பழக்கத்தைவிட விதிகள் பெரிய காரணம். வெளிநாட்டு வாடிக்கையாளருக்குத் தொலைபேசி வழி சேவை தரும் நிறுவனங்கள் ‘பிற சேவை வழங்குநர்’ என்று தொலைத்தொடர்புத் துறையில் பதிவு செய்ய வேண்டியிருந்தது. ஊழியரின் வீட்டையும் அலுவலகத்தின் நீட்சியாகக் காட்டி, பாதுகாப்பான தனி இணைப்பு, வங்கி உத்தரவாதம் என்று பல நிபந்தனைகளைச் சமாளிக்க வேண்டியிருந்தது. சிறப்புப் பொருளாதார மண்டலத்துக்குள் இருந்த நிறுவனங்களுக்கு வரிச்சலுகையே கட்டடத்தோடு ஒட்டியிருந்தது. கணினியை வாசலுக்கு வெளியே கொண்டுபோக அனுமதிக் கடிதம் தேவைப்பட்டது. 2020 மார்ச் ஊரடங்கில் இவை எல்லாம் தற்காலிகமாகத் தளர்ந்தன. அந்த ஜூலையில் திருவனந்தபுரம் மும்முறை ஊரடங்கு என்ற கடும் பூட்டுக்குள் போனபோது, டெக்னோபார்க்கின் வேலை கருநாகப்பள்ளியிலும் நெய்யாற்றின்கரையிலும் நாகர்கோவிலிலும் சாப்பாட்டு மேசைகளின் மேல் நடந்தது. 2020 நவம்பர் 5 அன்று வெளியான புதிய வழிகாட்டுதல் பதிவையும் உத்தரவாதத்தையும் நீக்கியது. மண்டல விதிகளில் 2022 ஜூலையில் சேர்ந்த 43ஏ பிரிவு, வீட்டிலிருந்து வேலை என்பதற்கு முறையான இடம் கொடுத்தது.

கழக்கூட்டத்துக்கு ஊரடங்கை அடுத்த இரண்டு ஆண்டுகள் கசந்தன. ஊழியர்களை நம்பி மாடி மேல் மாடி கட்டியவர்களும், இரவுத் தட்டுக்கடைக்காரர்களும், விடுதி நடத்திய பெண்களும் காலியான அறைகளைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். தொலைவேலையின் ஆதாயத்தை எண்ணும் எந்தப் பட்டியலிலும் இவர்களுக்கு வரிசை எண் கிடையாது.

வீட்டுக்கும் அலுவலகத்துக்கும் நடுவே ஒரு வழி தேடியதும் இந்தப் பகுதிதான். தமிழ்நாட்டுப் பக்கத்தில், தென்காசிக்கு அருகே மத்தளம்பாறையில் ஸோஹோ 2011இலேயே அலுவலகம் திறந்து, பெருநகரத்துக்கு ஆளை இழுக்காமல் ஆளிருக்கும் இடத்துக்கு வேலையைக் கொண்டுபோனது. செங்கோட்டைக் கணவாய்க்கு இந்தப் பக்கம் கேரள அரசு, தனியார் நிறுவனங்களின் ஊழியர்கள் பகிர்ந்துகொள்ளும் ‘வீட்டருகே வேலை’ மையங்களை 2022-23 நிதிநிலை அறிக்கையில் அறிவித்தது; முதல் மையத்துக்குக் கொட்டாரக்கரை தேர்வானது. தமிழகத்தில் ஒரு நிறுவனம் தன் விருப்பத்தில் செய்ததைக் கேரளத்தில் அரசு திட்டமாக்குகிறது. பழைய சமஸ்தானத்தின் சுபாவம் முழுக்க மறையவில்லை.

வெளிநாட்டு விருந்தாளிகளின் வரவு வேறு பாதையில் நடந்தது. கோவளத்தில் மகாராணி சேது லட்சுமிபாயின் குடும்பத்துக்காக 1932இல் ஹால்சியன் மாளிகை எழுந்தது. 1970களில் ஹிப்பிகள் வந்தார்கள். சார்லஸ் கொரியா வடிவமைத்த அரசு விடுதியும் வந்தது. கோவளம் விலை ஏறியபோது நெடுநாள் தங்குபவர்கள் வடக்கே உள்ள வர்க்கலைக்கு நகர்ந்தார்கள். பாபநாசம் கடற்கரைக்கு மேலே செங்குத்தாக நிற்கும் செம்பாறை மேட்டை, நிலவியல் நினைவுச்சின்னமாக மத்திய நிலவியல் ஆய்வுத் துறை அறிவித்திருக்கிறது. அந்த மேட்டின் விளிம்போடு நீளும் தேநீர்க் கடைகளில், முன்பு நாவல் வாசித்துக்கொண்டிருந்த பயணிகள் இருந்த நாற்காலிகளில் இப்போது மடிக்கணினிகள் திறந்திருக்கின்றன. கீழே இறங்கினால் ஜனார்த்தன சுவாமி கோயிலுக்குப் பலிதர்ப்பணத்துக்கு வந்தவர்கள், சற்று உள்ளே நாராயண குருவின் சிவகிரி. ஒருவர் வந்த காரியத்தில் மற்றவர் தலையிடுவதில்லை.

இந்த மடிக்கணினிக்காரர்களின் சட்டநிலை தெளிவற்றது. எஸ்தோனியா 2020 ஆகஸ்டிலும், பார்படோஸ் அதற்கு ஒரு மாதம் முன்பும், தொலைவேலை செய்பவருக்கென்று தனி அனுமதி தந்தன. போர்ச்சுகலும் மலேசியாவும் 2022இல் தந்தன. தாய்லாந்து 2024 ஜூலையில், ஐந்தாண்டு செல்லுபடியாகி ஒருமுறைக்கு 180 நாள் தங்கும் விசாவைக் கொண்டுவந்தது. இந்தியாவில் அப்படியொன்று இல்லை. 2014 நவம்பரில் மின்விசா அறிமுகமான ஒன்பது விமான நிலையங்களில் திருவனந்தபுரமும் இருந்தது. ஆனால் சுற்றுலா மின்விசாவின் நோக்கங்களில் வேலை சேராது. பெரும்பாலான நாட்டவர் தொடர்ச்சியாக 90 நாள் வரைதான் தங்கலாம். விசா மத்திய அரசின் கையில் உள்ளது. கம்பம், குன்று, பள்ளி, மருத்துவமனை என்று ஒவ்வொன்றாக அமைத்துக்கொண்ட மாநிலத்துக்கு இந்த ஒரு கதவின் சாவி கிடையாது.

எனவே திருவனந்தபுரத்தின் தொலைவேலைக்காரர் என்றால், நடைமுறையில், பெங்களூரு அல்லது துபாய் நிறுவனத்தின் ஊதியப் பட்டியலில் இருந்துகொண்டு நகரத்தின் பட்டம், கரமனை போன்ற பகுதிகளில் பெற்றோர் வீட்டு மாடியில் உட்கார்ந்திருக்கும் மலையாளியும், எல்லையிலுள்ள களியக்காவிளைக்கு அப்பாலிருந்து வாரம் இரண்டு நாள் ரயிலில் வந்துபோகும் தமிழரும்தான். நிறுவனங்கள் ஆட்களைத் திரும்ப அழைத்தபின் கழக்கூட்டம் மறுபடியும் நிரம்பியது. 2022 நவம்பரில் அங்கே திறந்த மேம்பாலமும் சேர்ந்து நிரம்பியது. டெக்னோபார்க்கில் வேலை பார்ப்போர் எழுபதாயிரத்தைத் தாண்டினார்கள். 2023-24இல் அதன் மென்பொருள் ஏற்றுமதி 13,000 கோடி ரூபாயைக் கடந்தது. அங்கே வேலை பார்ப்போரில் எத்தனை பேர் எந்த நாளில் மேசைக்கு வருகிறார்கள் என்பதை நிறுவனங்கள் தத்தமக்கென்று வகுத்துக்கொண்ட கலப்பு முறை தீர்மானிக்கிறது. பெரும்பாலும் செவ்வாய் முதல் வியாழன் வரை நெரிசல், திங்களும் வெள்ளியும் சாலை லேசு.